மரியாதைக்கு ஒரு ழ

காலேஜக்கா தன் நாத்தனாருக்குத் தர வேண்டிய கடன் மூவாயிரத்து இருநூற்றுப் பத்து. சேர்க்கைக் கட்டணம் மூவாயிரம், நோட்டும் பையும் இருநூறு, விண்ணப்பம் வாங்கிய வகையில் பத்து. போயும் போயும் அந்தப் பத்தைக்கூடவா கணக்கில் சேர்ப்பாய் என்று கேட்டதற்கு, "ஏன் அண்ணி, பத்துன்னா காசு இல்லையா? கடைக்காரன் வேணாம்னா சொல்லுவான்?" என்றாள் நாத்தனார். வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை; புருஷன் வெளியூரில் வேலையில் இருக்கிறார் என்று அண்ணன் வீட்டோடு இருந்தாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே இடத்தில் வேலை. காசு முடிச்சு மட்டும் தனித்தனி. நாத்தனாரின் முடிச்சை அவிழ்ப்பதற்குள் விடிந்துவிடும்.

இருவரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். ஆள் உயர டிரம்கள் நாள் முழுக்கச் சுழலும். துவைத்தது பிழியப் போகும், பிழிந்தது இஸ்திரி ரோலருக்குப் போகும், ரோலரில் சூடாக வெளியே வருவதை மடித்து அடுக்குவது பெண்கள் வேலை. காலையில் காலேஜுக்குப் போய்விட்டு, நோட்டுப் பையோடு அப்படியே வேலைக்கு வந்து நிற்பதால் அவளுக்குக் காலேஜக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். நாள்பட நாள்பட கேலி உதிர்ந்து பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அவள் எழுத்துப் படித்ததே முப்பது வயதுக்கு மேல்தான். கூடத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில், வேலை முடிந்த பெண்களுக்கு ஒரு வாத்தியாரம்மா சொல்லிக் கொடுத்தாள். ஈரத் துணியை முறுக்கிப் பழகிய கைக்குப் பேனா பிடிபடவில்லை. முதல் மாதம் பேனாவையும் முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு எப்படியோ எழுத்து வசப்பட்டது. எழுத்து வாசிப்பாகி, வாசிப்பு பரீட்சையாகி, ஒவ்வொரு பரீட்சையாகத் தட்டுத் தடுமாறித் தாண்டி, நாற்பதை எட்டும்போது காலை நேரக் கல்லூரியின் வாசலில் வந்து நின்றாள்.

எதற்காக என்று கேட்டால் அவளிடம் ஒரே ஒரு காரணம் இருந்தது. அவளுக்குக் கனவு வருவதில்லை.

சின்ன வயதில் வந்தது ஞாபகம் இருக்கிறது. வேலைக்கு வந்த பிறகு நின்றுபோனது. படுத்தால் கட்டை, எழுந்தால் காலை, நடுவில் ஒன்றுமே கிடையாது. யாரோ ராத்திரியைக் கத்தரித்து எடுத்துவிட்டு இரண்டு பகலையும் ஒட்டித் தைத்துவிட்டதுபோல இருக்கும். அதனால் மற்றவர்களுடைய கனவை விசாரிப்பாள். டிரம் ஓட்டுகிற ஆள், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டே வானத்தில் பறந்தானாம். வாசல் காவலாளிக்கு, பல் எல்லாம் உதிர்ந்து சட்டைப் பையில் விழுந்ததாம். எண்ணிப் பார்த்தால் ஒன்று அதிகமாக இருந்ததாம். அவள் கேட்டுக்கொண்டே வெள்ளை விரிப்புகளை மடிப்பாள். ஒவ்வொரு விரிப்பிலும் யாரோ ஒரு நோயாளி படுத்து எதையோ கண்டிருப்பார். சோப்புத் தூளில் ரத்தம் போகிறது, மருந்துக் கறை போகிறது. அந்த மனிதர் கண்டது எங்கே போகிறது? சாக்கடையோடு போய்விடுமா? சூடான விரிப்பைக் கன்னத்தோடு வைத்துப் பார்ப்பாள். வெறும் சூடுதான் இருக்கும்.

இதையெல்லாம் படிப்பதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ பேசிக் கேட்டாள். உளவியல். மனசைப் பற்றிய படிப்பு. அன்றே முடிவு செய்துவிட்டாள்.

"என்ன படிக்கப் போறே?" என்று வீட்டுக்காரர் கேட்டார். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூக்கத்தில்தான் இருப்பார்.

"மனசைப் பத்தி."

"யார் மனசை?"

"பொதுவா."

"பொதுவான்னா சரி" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

விண்ணப்பத்தில் விருப்பப் பாடம் என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கேதான் சனி உட்கார்ந்திருந்தது. அந்தச் சொல்லை அவள் காதால் கேட்டிருக்கிறாளே தவிரக் கண்ணால் பார்த்ததில்லை. மூன்று ல இருப்பது தெரியும். அதில் ஒன்றுக்குச் சிறப்பு ழ என்று பெயர் என்று வாத்தியாரம்மா சொன்னது ஆணி அடித்த மாதிரி மனதில் நின்றுவிட்டது. சிறப்பு என்று பெயரிலேயே இருக்கும்போது, மரியாதையான இடத்தில்தானே அதைப் போட வேண்டும்? ஒரு தடவை லீவு கேட்டு எழுதிய தாளில் 'மேலாளர் அவர்கழுக்கு' என்று எழுதினாள். மேலாளர் படித்துவிட்டுச் சிரித்தார், லீவும் கொடுத்தார். எழுத்துக்குக் கிடைத்த லீவு என்று அவள் நம்பினாள். மனசு எவ்வளவு பெரிய விஷயம்! அதைப் பற்றிய படிப்புக்குப் போய்ச் சாதாரண ள போட்டால் நன்றாகவா இருக்கும்? சுழித்து, வளைத்து, கீழே அழகாக ஒரு கால் இழுத்து எழுதினாள்: உழவியல்.

கல்லூரியும் அவள் கேட்டதையே கொடுத்தது.

வகுப்புகள் அவளுக்குப் பிடித்திருந்தன. கூடத்தின் இரைச்சலுக்கு முன்னால் கிடைக்கிற அந்த அமைதி பிடித்திருந்தது. பொருளியல் ஆசிரியர் மெலிந்த குரலில், மனிதனின் தேவைகளுக்கு எல்லை கிடையாது என்பார். இவள் தன் தேவைகளை நினைத்துப் பார்த்து, முழங்கால் வலிக்கு ஒரு தைலம், ராத்திரிக்கு ஒரு கனவு, அவ்வளவுதானே என்று ஆச்சரியப்படுவாள். வரலாற்று வகுப்பில் ராஜாக்கள் ஒருவர் பின் ஒருவராகச் செத்துக்கொண்டிருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே மேகம் நகரும். வெள்ளை வெளேரென்று, மடிக்காத விரிப்பாக ஒன்று பின்னால் ஒன்று போய்க்கொண்டே இருக்கும். அதை மடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று யோசிப்பதற்குள் ஒரு சாம்ராஜ்யம் விழுந்திருக்கும். புள்ளியியலில் சராசரி சொல்லிக் கொடுத்தார்கள். சராசரி மனிதன் என்று ஒருவன் எங்கேயும் கிடையாதாம், ஆனாலும் எல்லாக் கணக்கும் அவனுக்குத்தானாம். பாவம், அவனுக்கும் கனவு வராது என்று தோன்றியது.

ஆனால் அவள் காத்திருந்தது விருப்பப் பாடத்துக்குத்தான். கரும்பலகையில் உழவியல் என்று எழுதியிருந்தது. தான் எழுதியது சரியாகப் போயிற்று என்று பெருமையாக இருந்தது. மேடம் கையில் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் அடுக்கடுக்காக மண்.

"நாம பாக்குறது மேலாக ஒரு சாண்தான். அதுக்குக் கீழே வருஷக்கணக்கா விழுந்ததெல்லாம் மக்கிப்போய்க் கிடக்கு. கண்ணுக்குத் தெரியாது. ஆனா மேலே என்ன முளைக்கணும்னு முடிவு பண்றது அதுதான்" என்றார் மேடம்.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மனசைப் பற்றி இவ்வளவு அழகாக யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. மண்ணை வைத்து விளக்குகிறார்கள், நம்மைப் போன்றவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று எடுத்துக்கொண்டாள். நூலகத்துப் புத்தகத்தின் அட்டையில் கலப்பை போட்டிருந்தது. ஆமாம், உழுதால்தானே உள்ளே இருப்பது வெளியே வரும். பெயரிலேயே உழவு இருப்பது அப்போதுதான் விளங்கியது. மிதித்து மிதித்து இறுகிப்போன மண்ணில் தண்ணீர் இறங்காது என்றார் மேடம். எனக்குக் கனவு வராததற்குக் காரணம் இதுதான் என்று அவள் நோட்டில் அடிக்கோடு போட்டாள். ஒவ்வொரு வகுப்பிலும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாள். மேடமும் இருபது வயதுப் பிள்ளைகளின் கொட்டாவிகளைத் தாண்டி இவள் முகத்தைப் பார்த்தே பாடம் நடத்தப் பழகிவிட்டார்.

வீட்டில் நாத்தனாருக்கு நேர்மாறான நோய். அவளுக்குக் கனவு வந்தது, வந்துகொண்டே இருந்தது. அதுவும் ஒரே கனவு. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கட்டில் மிதக்கிறது, பாத்திரம் மிதக்கிறது. இவள் மட்டும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்திருக்க முடியவில்லை. அதற்குப் பயந்துகொண்டு பாதி ராத்திரி விழித்திருப்பாள். கண்ணுக்குக் கீழே மை தடவியதுபோல் இருக்கும்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. தள்ளி நின்று இழுத்து உதற வேண்டும். பிறகு நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். மறுபடி பின்னால் போக வேண்டும். தள்ளி நிற்கும்போது டிரம் சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்காது. கிட்ட வரும்போது மூச்சு விடுவதுகூடக் கேட்கும். அதனால் அங்கே பேச்செல்லாம் துண்டு துண்டாகத்தான் நடக்கும். ஒரு கதை முடிய ஓர் அடுக்கு விரிப்பு ஆகும்.

"நேத்தும் தண்ணிதான் அண்ணி" என்றாள் நாத்தனார், முனையைக் கொடுக்கும்போது.

அன்று காலை வகுப்பில் கேட்டது காலேஜக்காவுக்குச் சுடச்சுட இருந்தது. பின்னால் போய், உதறி, திரும்பி வந்து சொன்னாள்: "தண்ணி தேங்கி நின்னா வேருக்கு மூச்சு முட்டுமாம்."

"யாருக்கு?"

அடுத்த விரிப்பு. "மேலே கொஞ்ச நாள் பச்சையாத்தான் தெரியுமாம். பாக்கறவங்க நல்லா இருக்குன்னு நெனப்பாங்களாம். உள்ளே அழுகிட்டே இருக்குமாம்."

நாத்தனாரின் கையில் விரிப்பு விறைப்பாக இழுபட்டது.

"வடிகால் வெட்டணுமாம். பெருசால்லாம் வேணாம், ஒரு ஓரமா வழி விட்டாப் போதும். எந்தப் பக்கம் போகணும்னு தண்ணிக்கே தெரியுமாம்."

நாத்தனார் கிட்ட வந்தாள். முனையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள். "அவரு வெளியூர்ல வேலையில இல்ல அண்ணி" என்றாள்.

காலேஜக்கா தன் பக்கத்து முனைகளைச் சேர்த்து மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"வேற ஒருத்தியோட இருக்காரு. ஆறு வருஷமாச்சு. அடுப்படியில நின்னு போன் பேசுவேன்ல, அந்தப் பக்கம் யாரும் கிடையாது. நானா பேசுவேன், நானா சிரிப்பேன், நானா வெச்சுடுவேன்."

அன்று அந்த இருவரும் மடித்த அடுக்கு கோணல்மாணலாக இருந்ததென்று மேற்பார்வைக்காரர் திட்டினார். ராத்திரி நாத்தனார் படுத்தவள் அசையவில்லை. விடிந்தும் எழவில்லை. பயந்துபோய்க் காலேஜக்கா மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். "உசுரோடதான் இருக்கேன், தூங்க விடுங்க" என்றாள் நாத்தனார், கண் திறக்காமலே.

காலேஜக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. படிப்பு என்றால் இது படிப்பு! ஒரு மனுஷியின் ராத்திரியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. தன்னுடையதையும் ஒரு நாள் கொடுத்துவிடும். அந்தத் துணிச்சலில்தான் அடுத்த வகுப்பில் கை தூக்கினாள். இதுவரை அவள் கை தூக்கியதே இல்லை. மேடத்தின் முகம் மலர்ந்தது.

"மேடம், கனவு எந்த அடுக்குல இருந்து வருது?"

"எது?"

"கனவு. மேல் அடுக்குல இருந்தா, அடி அடுக்குல இருந்தா? இறுகிப்போனா வராதில்ல?"

கடைசி வரிசையில் ஒருவன் சிரிப்பை ஆரம்பித்து வைக்க, கூரை பறந்தது. மேடம் கண்ணாடிக் குழாயைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "மண்ணுக்கா? கனவா?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

பக்கத்தில் உட்காரும் பெண், மகள் வயது இருக்கும், மெதுவாகக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அக்கா, இது உழவியல்க்கா. பயிர், மண்ணு, உரம். நீங்க கேக்கறது உளவியல். அது மாடியில நடக்குது."

"ரெண்டையும் ஒண்ணாத்தானேம்மா சொல்றே?"

அந்தப் பெண் நாக்கை மடித்து ஒரு தடவை, மடிக்காமல் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே சரியாக வரவில்லை. கடைசியில் காலேஜக்காவின் உள்ளங்கையை விரித்து, பேனாவால் ள என்று எழுதிக் காட்டினாள்.

உள்ளங்கையில் அந்த எழுத்து ஒரு மாதிரி உட்கார்ந்திருந்தது. சிறப்பும் கிடையாது, வாலும் கிடையாது. இத்தனை நாள் மனசு இதில்தான் இருந்திருக்கிறது.

அலுவலகத்தில் கண்ணாடி போட்ட கிளார்க் பொறுமையாகத்தான் பேசினார். பாடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நாளையோடு கடைசி. அதற்கென்று தனிக் கட்டணம் உண்டு. தொகையைச் சொன்னார். சம்பளத்தில் பாதிக்கும் மேல்.

அன்று சம்பள நாள். அந்தச் சம்பளத்திலிருந்துதான் மூவாயிரத்து இருநூற்றுப் பத்தை எண்ணி வைக்க வேண்டும். நாத்தனார் ஒரு பீரோவுக்குச் சொல்லி வைத்திருந்தாள். கடைக்காரன் அதில் அவள் பெயரைச் சீட்டெழுதி ஒட்டியும் விட்டான். கடனையும் தீர்த்து, கட்டணமும் கட்டி, வீட்டையும் ஓட்டுவதென்றால் சம்பளம் ரப்பராக இருக்க வேண்டும்.

கல்லூரிக்குப் பின்னாலிருந்த சோதனைப் பாத்திகளின் ஓரமாக நடந்தாள். புதிதாகக் கிளறிய மண் வெயிலில் லேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது, ரோலரிலிருந்து வந்த விரிப்பு மாதிரி. குனிந்து தொட்டுப் பார்த்தாள். மண்ணின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் வரவில்லை. அது தன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தது, ஒட்டுக்கேட்டது இவள்தான். இதையே படித்துவிட்டுப் போய்விடலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே, மாடியில் அந்த வகுப்பில் இந்நேரம் என்ன சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று இன்னொரு நினைப்பு வந்தது. அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல் திறந்திருந்தது. ஒரு குரல் வந்தது, வார்த்தை வரவில்லை. அது அவளுக்குத் தாங்கவில்லை.

சலவைக்கூடத்தில் தன் சம்பளக் கவரை வாங்கிக்கொண்டாள். நாத்தனார் விரிப்போடு தயாராக நின்றாள். நாலைந்து நாள் நல்ல தூக்கத்தில் முகமே மாறியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் காலேஜக்காவுக்கு உண்மையான பயம் வந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் இவள் நாளைக்கும் கேட்பாளே, நாளைக்கு எந்த வாயால் வடிகால் வெட்டுவது?

கிட்ட வரும்போது சொன்னாள். "நான் படிச்சது மனசைப் பத்தி இல்லம்மா."

"அப்புறம்?"

தள்ளிப் போய் உதறித் திரும்பினார்கள். "மண்ணைப் பத்தி. எழுத்து மாத்திப் போட்டுட்டேன்."

"அப்போ அந்தத் தண்ணி, வேரு, வடிகால்…"

"வயலுக்குச் சொன்னது."

நாத்தனார் கையிலிருந்த இரண்டு முனையும் நழுவித் தரையில் விழுந்தன. "என்னை வயக்காடுன்னு நெனச்சு வாய்க்கா வெட்டினீங்களா? ஆறு வருஷம் அம்மாகிட்டகூடச் சொல்லாததை, வயலுக்குச் சொன்னதை நம்பியா நான் சொன்னேன்?" சத்தம் டிரம்மையும் தாண்டியது. டிரம் ஆள் திரும்பிப் பார்த்தான். "என்ன பாக்கறே? உன் பூட்ஸைப் பாரு" என்று அவனுக்கும் வார்த்தையால் ஒரு அறை விழுந்தது. விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

காலேஜக்கா அழுக்கான விரிப்பை மறுபடி துவைக்கப் போட்டாள். கவரைப் பிரித்து, மூவாயிரத்து இருநூற்றுப் பத்தை எண்ணித் தனியாக எடுத்தாள். தப்புக்கு அதைத் தவிர அவளிடம் வேறு பதில் இல்லை. மாடி ஜன்னலை நினைத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். தனக்கே நம்பிக்கை வரவில்லை.

நாத்தனார் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். பணத்தை நீட்டியதும் வாங்கிக்கொண்டாள், எண்ணியும் பார்த்தாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ரோலரிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்து முனையைக் கொடுத்தாள். ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. மூன்றாவதில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் காலேஜக்கா ஓடி வந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உரம் ஏதாவது போடச் சொன்னாங்களா அண்ணி?"

"போம்மா."

"இல்ல, சொல்லிடுங்க, அதையும் போட்டுக்கறேன்." கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "அந்த மனசுப் படிப்புல என்ன சொல்லித் தராங்களாம்?"

"தெரியல. கனவைப் பத்தி இருக்குமாம்."

"தண்ணிக் கனவைப் பத்தி?"

"இருக்கலாம். நாளைக்குள்ள மாத்தணும். முடியாது, விடு."

நாத்தனார் பின்னால் போனாள். விரிப்பின் அந்தக் கோடியில் நின்று எதையோ கணக்குப் போட்டாள். கணக்குப் போடும்போது அவளுக்கு உதடு அசையும். திரும்பி வந்தவள் பணத்தை எடுத்துக் காலேஜக்காவின் நோட்டுப் பைக்குள் திணித்தாள்.

"மண்ணைப் பத்திச் சொன்னதுக்கே விடியற வரைக்கும் தூங்கினேன். நேத்து ராத்திரி மறுபடி தண்ணி வந்துச்சு, சொல்லல. முழங்கால் வரைக்கும்தான், ஆனா வந்துச்சு. எனக்கு மிச்சத்தையும் வடிக்கணும். சரியான படிப்பைப் படிச்சுட்டு வந்து சொல்லுங்க."

"பீரோ?"

"அதுல வெக்க எங்கிட்ட என்ன இருக்கு, நாலு சேலை. கொடியில கிடக்கட்டும்."

"அடுத்த மாசம் தந்துடறேன்."

"தர வேணாம்."

"அது எப்படி? கடன்னா கடன்தானே."

"நான் குடுத்தது, நான் தள்ளறேன். நடுவுல உங்களுக்கு என்ன?" என்றாள் நாத்தனார். "தள்ளியாச்சு. இனிமே அந்தப் பேச்சை எடுத்தீங்கன்னா வட்டி போடுவேன்."